கெட்டிக்காரப் பிள்ளைக்கும் துணை வேண்டும்

கேள்வி: பெற்றவர் விட்டுப்போன பிறகும் தானே சமைத்துச் சாப்பிட்டு, ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறான் ஒரு சிறுவன். நாம் ஏன் தலையிட வேண்டும்? (வாசகர், நெய்வேலி நகரியம்)

பதில்: ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த பிள்ளைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் கவனித்தார். கடும் நெருக்கடியில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நன்றாகத் தலையெடுத்தார்கள். அவர்களுக்குப் பாட்டியோ ஆசிரியரோ, அக்கறையுள்ள ஒரு பெரியவராவது இருந்தார். சாமர்த்தியம் மட்டும் போதவில்லை. நீங்கள் சொல்லும் சிறுவன் அடுப்புப் பற்றவைக்கத் தெரிந்தவன்தான். காய்ச்சலில் சுருண்டு கிடந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பது யார்? சொன்னால் குழந்தைகள் இல்லத்தில் அடைத்துவிடுவார்களே என்ற பயம் நியாயமானதே. ஆனால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இல்லத்தைக் கடைசி வழியாகத்தான் வைக்கிறது. குடும்பத்தோடு வளர்வதற்கே முதலிடம். ஆதரவின்றித் தனித்திருக்கும் பிள்ளையைக் கண்டு பொறுப்பில் எடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். இன்றே குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள். அதற்குப் பிறகும் அவனைப் போய்ப் பார்த்துக்கொண்டிருங்கள்.