உரோமானிய மட்கலங்களும் அடிமைக் கலைஞரும்

புராணக் கதைகளை ஏட்டில் எழுதியோரை உலகம் அறியும். அதே கதைகளை மண்ணில் வடித்தோரை அறிவது அரிது. அவ்வரிய வாய்ப்பை நமக்கு நல்குவன உரோமானியரின் செந்நிற அச்சு மட்கலங்கள்.

இத்தாலி நாட்டு அரெட்டியம் நகரில் (இன்றைய அரெசோ) கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இக்கலை செழித்தது. செல்வர் இல்லத்து வெள்ளிக் கிண்ணங்களில் திகழ்ந்த புடைப்புருவங்களைக் குயவர் மண்ணிற் கொணர்ந்தனர்.

அதன் செய்முறை வருமாறு: முதற்கண் தடித்த மண்கிண்ணம் ஒன்றை வனைந்து, ஈரம் உலருமுன் அதன் உட்சுவரில் உருவம் புடைத்த சிறு முத்திரைகளை அழுத்துவர். உருவம் குழிந்து பதியும். அதனைச் சுட்டால் அச்சு ஆயிற்று. அவ்வச்சைத் திகிரியில் ஏற்றி, உள்ளே மென்களிமண்ணை அழுத்தி வனைவர். உலருங்கால் களிமண் சுருங்கி அச்சினின்று விடுபடும். உருவம் கலத்தின் புறத்தே புடைத்து நிற்கும். பின்னர் அடிப்பகுதியைச் சேர்த்து, நுண்களிமண் கரைசலில் தோய்த்து, காற்றோட்டமுள்ள சூளையில் சுட, செம்மையும் பளபளப்பும் வாய்க்கும். ஓர் அச்சினின்று பல கலங்கள் பிறந்தன.

அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இத்தகைய அச்சு ஒன்றுண்டு. கதிரவன் மகனான பேத்தான், தந்தையின் தேரைச் செலுத்த விழைந்து, குதிரைகளை அடக்க மாட்டாது, சியூசின் இடியேற்றால் மாண்ட கிரேக்கக் கதை அதன்கண் பதிந்துள்ளது. அது பர்காத்தசு என்பாரின் பட்டறையைச் சார்ந்தது. அவர் பெரென்னியசு திக்ரானசு என்னும் பட்டறைத் தலைவரின் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர் என்பர் அறிஞர். விடுதலை பெற்றோர் தலைவரின் குடிப்பெயரைத் தம் பெயரோடு சூடுதல் உரோமர் வழக்கு.

அரெட்டியக் கலங்கள் பலவற்றில் தலைவன் பெயரோடு அடிமையின் பெயரும் முத்திரையாய் அமைந்துள்ளது. ‘பெரென்னியசின் செர்டோ’ என்பது போன்றவை அவை. பெருமைக்காக இட்டனரோ, கணக்கிற்காக இட்டனரோ, வரலாற்றேட்டில் இடம்பெறாத ஓர் உழைப்பாளியின் பெயர் ஈராயிரம் ஆண்டுகள் கடந்து நம்மை வந்தடைந்துள்ளது.

இக்கலங்கள் தமிழகத்திற்கும் அயலானவை அல்ல. 1945இல் மார்டிமர் வீலர் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது அரெட்டிய வகை ஓடுகள் கிடைத்தன. அவற்றைக் கொண்டே அவ்விடத்துப் பிற பொருள்களுக்கு அவர் காலம் கணித்தார். சிற்றோடும் வரலாற்றுச் சான்றாதலை இதனால் உணர்கிறோம்.

ஆகவே, அருங்காட்சியகம் செல்லும் மாணாக்கர் கலத்தின் ஓவியத்தை வியப்பதோடு நில்லாது, செய்தவன் பெயர் எங்கேனும் உளதா எனத் தேடுதல் வேண்டும். தேவர் கதையைப் பாட நூல்கள் பல. செர்டோவுக்கு எஞ்சியிருப்பது அந்த முத்திரை ஒன்றே.