படைவலியும் படிப்பும்

போர் என்றவுடன் வாளும் வேலும் களிறும் நம் நினைவுக்கு வருகின்றன. தமிழ் மாணவர்க்கோ வெட்சி முதலாகத் தொல்காப்பியர் வகுத்த புறத்திணைகள் ஏழும் முன்வந்து நிற்கும். ஆயினும் வள்ளுவர் பொருட்பாலை அமைத்த முறையைச் சற்றே கூர்ந்து நோக்குதல் வேண்டும். படைமாட்சி, படைச்செருக்கு எனப் படைக்கென்றே அவர் ஒதுக்கியவை இரண்டு அதிகாரங்கள். அவற்றுக்கு வெகு முன்னரே தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை எண்ணித் துணிவதற்கென வகுத்துவிடுகிறார். படைக்குக் கொடுத்ததைப்போல் இருமடங்கு இடத்தை ஆராய்ச்சிக்குக் கொடுத்தது தற்செயலன்று என்றே கருதத் தோன்றுகிறது.

இக்கருத்தின் இற்றைநாள் வடிவத்தைக் காணத் திருப்பூர் மக்கள் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கோவை, மேட்டுப்பாளையம் வழியே நீலகிரி மலையேறினால் குன்னூரையடுத்த வெலிங்டனில் பாதுகாப்புப் பணிகள் அலுவலர் கல்லூரி உள்ளது. 1905இல் தேவ்லாலியில் தோன்றி, 1907இல் குவெட்டாவுக்குப் பெயர்ந்த கல்லூரியின் வழிவந்தது இது. 1947இல் நாடு பிரிக்கப்பட்டபோது குவெட்டா பாகிஸ்தானுக்குச் சென்றது. இந்தியப் பகுதி வெலிங்டனில் நிலைகொண்டது. முப்படையின் இடைநிலை அலுவலர்களும் வெளிநாட்டு அலுவலர்களும் இங்கு ஓராண்டளவு தங்கிப் பயில்கின்றனர், ஆய்வேடு எழுதுகின்றனர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டமும் பெறுகின்றனர். கல்லூரியின் சின்னத்தில் இடம்பெற்றிருப்பது சிங்கமோ புலியோ அன்று, ஆந்தை! நம் ஊரில் ஆந்தையை எவரும் நற்குறியாகக் கொள்வதில்லை. அங்கோ அது அறிவின் குறி.

ஆராய்ச்சி ஓரிடத்தில் நின்றுபோனால் என்ன நேரும் என்பதற்குக் கொங்குநாட்டை ஆண்டவர் வரலாற்றிலேயே சான்று உண்டு. இன்றைய திருப்பூர் மாவட்டத்தின் தாராபுரம் உள்ளிட்ட கோவைப் பகுதி, 1799 வரை மைசூர் ஆட்சியில் இருந்தது. ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் இரும்புக் குழாயில் மருந்தடைத்த ராக்கெட்டுகளைப் படையில் பெருமளவு பயன்படுத்தினர். மூங்கிலும் தாளும் தாங்காத அழுத்தத்தை இரும்புக் குழாய் தாங்கியது. ஆகவே அவை தொலைவு சென்றன. 1780இல் காஞ்சிபுரத்தையடுத்த பொள்ளிலூர்ப் போரில் கர்னல் பெய்லியின் படை முறியடிக்கப்பட்டதில் அவற்றுக்கும் பங்குண்டு. திப்பு கருவியோடு நின்றாரல்லர். படையின் ஒழுங்கையும் பயிற்சியையும் வகுத்துரைக்கும் 'ஃபத்ஹுல் முஜாஹிதீன்' என்னும் பாரசீக நூலையும் எழுதுவித்தார்.

1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. கைப்பற்றப்பட்ட ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குச் சென்றன. அங்கே வூல்விச் படைக்கலச் சாலையில் வில்லியம் காங்கிரீவ் சோதனைகளைத் தொடங்கி, 1806இல் பொலோன் மீதும் 1807இல் கோபன்ஹேகன் மீதும் தம் ராக்கெட்டுகளை ஏவச் செய்தார். இங்குச் செய்தவர் கைத்திறன் அவர்களோடு போயிற்று. அங்கு அளந்து எழுதியவர் பெயரால் அக்கருவி வழங்கலாயிற்று. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அமெரிக்க விண்வெளி நிலையம் ஒன்றில் திப்புவின் ராக்கெட் வீரர்களைக் காட்டும் ஓவியத்தைக் கண்டு வியந்ததாக ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் தம் வாழ்க்கை வரலாற்றில் குறித்துள்ளார். 1983இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டத்தை நடத்தியவர் அவரே.

செய்யத் தெரிந்தும் ஆராயாமல் விட்ட இந்நிலை திருப்பூருக்குப் புதிதன்று. பிறர் அனுப்பும் சாம்பிளைப் பார்த்து, பிறர் குறித்த ஜி.எஸ்.எம். எடையில், பிறர் சொன்ன சாயத்தில் இலட்சக்கணக்கான பனியன்களைப் பிழையின்றித் தைத்தனுப்புகிறோம். அத்துணி ஏன் அவ்வாறு அமைய வேண்டும் என்பதை முடிவு செய்பவர் பெரும்பாலும் வேறொருவர்.

பனியனுக்கும் படைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 1984 முதல் நம் வீரர்கள் சியாச்சின் பனிமலையில் காவல் நிற்கின்றனர். அங்கு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே ஐம்பது பாகை வரை இறங்குவதுண்டு. பகைவர் குண்டைக் காட்டிலும் குளிரும் பனிச்சரிவும் அங்குக் கொண்ட உயிர்கள் மிகுதி. சுமையோடு ஏறும் வீரர்க்கு அக்குளிரிலும் வியர்க்கும். பருத்தி உள்ளாடை அவ்வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும்; அவர் நின்றதும் அந்த ஈரமே உடலின் வெப்பத்தைக் கவர்ந்துவிடும். எனவே உள்ளடுக்கு ஈரத்தை வெளியே கடத்த வேண்டும். நடுவடுக்கு காற்றைச் சிறைப்பிடித்து வெப்பம் காக்க வேண்டும். மேலடுக்கு காற்றையும் பனியையும் தடுக்க வேண்டும். உடலோடு ஒட்டியும் நெகிழ்ந்தும் கிடக்க வேண்டிய உள்ளடுக்குக்கு நெசவுத் துணியைவிடக் கண்ணி கண்ணியாகப் பின்னிய துணியே ஏற்றது. அது நம் ஊர்த் தொழில்!

இத்தகைய ஆடைகள் நெடுங்காலம் வெளிநாடுகளிலிருந்தே வாங்கப்பட்டன. பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம், +15 முதல் -50 பாகை வரை பயன்படும் மூன்றடுக்கு ஆடையை உருவாக்கி, 2021 டிசம்பரில் அத்தொழில்நுட்பத்தை ஐந்து இந்திய நிறுவனங்களிடம் அளித்தது. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019இல் தொடங்கப்பட்டபோது, அதன் ஐந்து முனையங்களுள் ஒன்றாகக் கோவையும் அமைந்தது. வாய்ப்பு வாசலுக்கு வந்துள்ளது. தையல் எந்திரத்தோடு சோதனைச்சாலையையும் வைத்திருப்பவர்க்கே அது பயன்படும்.

இவற்றை வகுப்பில் கூறியபோது, இரவு ஷிப்டுக்குப் பனியன் கம்பெனி செல்லும் மாணவர் ஒருவர், "ஐயா, எங்கள் கட்டிங் மேசையில் விழும் துண்டுகளே இதற்குப் போதுமே" என்றார். மறுவாரம் பருத்தி, பாலியெஸ்டர், இரண்டும் கலந்தது என மூன்று துண்டுகளை ஒரே அளவில் நறுக்கி, நுனி மட்டும் நீரில் படுமாறு தொங்கவிட்டு, பத்து நிமிடத்தில் நீர் எவ்வளவு ஏறியது என்று அளவுகோலால் அளந்து குறித்து வந்தார். பின்பு மூன்றையும் முழுக்க நனைத்துக் கொடியில் உலர்த்தினாராம். விடியற்காலை ஷிப்டு முடிந்து வந்து பார்த்தபோது பாலியெஸ்டர் உலர்ந்திருந்தது. பருத்தி இன்னும் ஈரமாகவே இருந்தது. அக்குறிப்பேட்டில் இப்போது பதினொரு பக்கங்கள் நிரம்பியுள்ளன.