மங்கிய ஒளியும் இரு தலைமுறைக் கேமராக்களும்

(பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு)



பள்ளி ஆண்டு விழா நாடகத்தை மாலை நேரத்தில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்ததுண்டா? கரிய திரைச்சீலையின்மீது வண்ண மணலைத் தூவியது போன்ற புள்ளிகள் தெரியும். ஒலியே இல்லாத இக்குறையை 'இரைச்சல்' என்றே அழைக்கின்றனர். இது ஏன் உண்டாகின்றது? புதிய தலைமுறைக் கேமராவில் எவ்வாறு குறைந்தது?

ஒளியானது ஃபோட்டான்கள் என்னும் நுண்துகள்களாக வந்து விழுகின்றது. டிஜிட்டல் கேமராவில் ஃபிலிமுக்குப் பதிலாக உள்ள சென்சாரில், பிக்சல் என்னும் சிறு கட்டங்கள் கோடிக்கணக்கில் இருக்கும். முற்றத்தில் வரிசையாகக் கிண்ணங்கள் வைத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். தூறல் விழுந்தால் ஒரு கிண்ணத்தில் ஏழு துளியும், பக்கத்துக் கிண்ணத்தில் மூன்று துளியும் விழும். பெருமழை பெய்தாலோ எல்லாக் கிண்ணங்களும் ஏறக்குறைய ஒரே அளவாக நிறையும். மங்கிய ஒளி தூறலைப் போன்றது.

இந்த ஏற்றத்தாழ்வுக்கு ஒரு கணக்கும் உண்டு. சராசரியாக விழும் எண்ணிக்கையின் வர்க்கமூலமே அதன் அளவு. 100 ஃபோட்டான்கள் விழுமிடத்தில் ஏற்றத்தாழ்வு 10. அதாவது நூற்றுக்குப் பத்து. 10,000 விழுமிடத்தில் அது 100, நூற்றுக்கு ஒன்றுதான்.

கேமராவில் ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்தினால் ஒளி கூடுவதில்லை. கிடைத்த சிறு மின்குறிப்பே பெருக்கப்படுகின்றது. அதனோடு ஏற்றத்தாழ்வும் பெருகிக் கண்ணுக்குத் தெரிகின்றது.

இனி, நிக்கான் நிறுவனத்தின் இரு கேமராக்களை ஒப்பிடுவோம். 2004-இல் அறிவிக்கப்பட்ட டி2எக்ஸ் கேமராவில் 1.24 கோடி பிக்சல்கள். சென்சாரின் அளவு 23.7 × 15.7 மி.மீ. 2007-இல் அறிவிக்கப்பட்ட டி3 கேமராவில் பிக்சல்கள் சற்றுக் குறைவு, 1.21 கோடி. ஆனால் சென்சாரின் அளவோ 36 × 23.9 மி.மீ. பரப்பைப் பெருக்கிப் பாருங்கள்: முன்னது சுமார் 372 சதுர மி.மீ., பின்னது சுமார் 860. ஆகவே ஒவ்வொரு பிக்சலுக்கும் இரண்டேகால் மடங்குக்கும் சற்று அதிகமான இடம் கிடைத்தது. கிண்ணத்தின் வாய் அகன்றதால் துளிகளும் அதிகம் சேர்ந்தன. வர்க்கமூலக் கணக்குப்படி, ஒளியால் வரும் இரைச்சல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகக் குறையும்.

சென்சாரின் மின்சுற்றும் தன் பங்குக்குச் சிறிது இரைச்சலைச் சேர்க்கும். புதிய கேமராவில் அதுவும் குறைந்தது. டி2எக்ஸில் ஐ.எஸ்.ஓ. சாதாரணமாக 800 வரை. கூடுதல் அமைப்பில் 3200 வரை. டி3-இல் சாதாரணமாகவே 6400. கூடுதல் அமைப்பில் 25,600!

நீங்கள் இரு கேமராக்களைச் சோதிக்க விரும்பினால் நேர்மையாகச் சோதிக்க வேண்டும். ஒரே காட்சி, ஒரே விளக்கு, ஒரே லென்ஸ் திறப்பு, ஒரே ஷட்டர் நேரம் இருத்தல் வேண்டும். இரைச்சலைத் துடைக்கும் வசதியை நிறுத்திவிட வேண்டும். படங்களையும் ஒரே அளவில் அச்சிட்டே பார்க்க வேண்டும்.

அந்தத் துடைக்கும் வசதியிலும் ஓர் ஆபத்து உண்டு. அது புள்ளிகளோடு பட்டுச்சேலையின் நெசவையும், பாட்டியின் முகத்துச் சுருக்கங்களையும் சேர்த்தே அழித்துவிடக்கூடும். வழவழப்பான படம் உண்மையான படமாகிவிடாது.

ஆதலின் பெற்றோர்களே, தோழியரே! கேமரா வாங்கும்பொழுது "பிக்சல் எத்தனை?" என்பதோடு நின்றுவிடாதீர்கள்; "சென்சாரின் அளவு என்ன?" என்றும் கேளுங்கள். கிண்ணங்களின் எண்ணிக்கையைவிட அவற்றில் விழும் துளிகளே முக்கியம்.