மே தினமும் சிகாகோவும்



போன மாதம் சமய வகுப்பில், "சிகாகோ என்றதும் என்ன ஞாபகம் வருது?" என்று கேட்டேன். எல்லாரும் ஒரே குரலில், "சுவாமி விவேகானந்தர்! 1893 செப்டம்பர் 11!" என்றார்கள். சந்தோஷமாக இருந்தது. பின்வரிசையில் ஒரு தம்பி. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வகுப்புக்கு வருபவர். "அண்ணே, மே ஒண்ணாந்தேதி ஏன் லீவு? எட்டு மணி நேர வேலைன்னு சொல்றாங்களே, அது எங்கேயிருந்து வந்துச்சு?" என்று கேட்டார். "அதுவும் சிகாகோதான் தம்பி" என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டார். அன்றைக்கு நேரம் போதவில்லை. அதனால் இந்தப் பாடம்.

சுவாமிஜி போய் இறங்கிய சிகாகோ எப்படிப்பட்ட ஊர்? 1880இல் அதன் மக்கள்தொகை ஐந்து லட்சம். 1890இல் பதினோரு லட்சம். பத்தே வருஷத்தில் இரண்டு மடங்குக்கும் மேல்! அவர்களில் பத்துக்கு நான்கு பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அங்கே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளையும் சேர்த்தால் முக்கால்வாசி ஊரே வந்தேறிகளின் குடும்பங்கள்தான். ஜெர்மானியர், அயர்லாந்துக்காரர், ஸ்வீடன்காரர், செக், போலந்துக்காரர் என்று பலரும் வேலை தேடி வந்தார்கள். அமெரிக்க ரயில் பாதைகள் பலவும் அந்த ஊரில்தான் வந்து கூடின. மேற்கிலிருந்து கோதுமையும் மரமும் ஆடுமாடுகளும் வந்து இறங்கும். மாவாக, பலகையாக, இறைச்சியாக மாறிக் கிழக்கே போகும்.

அந்த இறைச்சிக் கூடங்களைப் பற்றிப் படிக்க நமக்கு மனசு கஷ்டப்படும். எனக்கும் அப்படித்தான். ஆனாலும் அங்கே வேலை எப்படி நடந்தது என்று தெரியாமல் இந்தக் கதை புரியாது. ஒரு மாட்டை முழுசாக அறுக்கத் தெரிந்தவர் தேர்ந்த தொழிலாளி. அவருக்கு நல்ல கூலி கொடுக்கணும். முதலாளிகள் என்ன செய்தார்கள் என்றால், அந்த ஒரு வேலையைப் பல துண்டுகளாகப் பிரித்தார்கள். விலங்கின் உடல் மேலே தொங்கியபடி நகர்ந்து வரும். ஒவ்வொரு ஆளும் நின்ற இடத்திலேயே ஒரே ஒரு வெட்டு வெட்டணும். அவ்வளவுதான். பிற்காலத்தில் ஹென்றி ஃபோர்டு கார் தொழிற்சாலையில் அமைத்த வரிசைக்கு இதுவும் ஒரு முன்மாதிரி. நேற்றுக் கப்பலில் வந்து இறங்கியவர், இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாதவர், சீக்கிரமே இதைப் பழகிக்கொள்ளலாம். சீக்கிரம் பழகலாம் என்றால், அவரைச் சீக்கிரம் மாற்றவும் செய்யலாம், இல்லையா? வாசலில்தான் இன்னும் நிறைய பேர் காத்துக்கிட்டு இருக்காங்களே. இதனால் முன்னாடி வந்தவர்களுக்குப் பின்னாடி வந்தவர்கள் மேல் கோபம். "இவனுங்க வந்துதான் நம்ம சம்பளம் போச்சு." 1882இல் சீனத் தொழிலாளிகள் அமெரிக்காவுக்குள் வரவே கூடாது என்று சட்டமே போட்டார்கள். எங்கேயோ கேட்ட பேச்சு மாதிரி இருக்கு!

பத்து மணி நேரம், சில இடங்களில் அதற்கும் மேல், வாரத்தில் ஆறு நாள் வேலை. 1884இல் தொழிற்சங்கங்கள் கூடி, 1886 மே 1 முதல் எட்டு மணி நேரம்தான் ஒரு நாள் வேலை என்று தீர்மானித்தன. அந்த நாள் வந்ததும் சிகாகோவில் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மே 3ஆம் தேதி அறுவடை இயந்திரத் தொழிற்சாலை ஒன்றின் வாசலில் போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் செத்தார்கள். அதைக் கண்டித்து மறுநாள் இரவு ஹேமார்க்கெட் சதுக்கத்தில் கூட்டம். அழைப்புத் தாளை இங்கிலீஷிலும் ஜெர்மன் மொழியிலும் அச்சடித்தார்கள். நகர மேயரே வந்து கேட்டுவிட்டு, அமைதியாகத்தான் நடக்குது என்று வீட்டுக்குப் போனார். மழை வரும்போல இருந்ததால் பாதிப் பேர் கலைந்துவிட்டார்கள். அப்போது போலீஸ் படை வந்து மிச்சம் இருந்தவர்களைக் கலையச் சொன்னது. யாரோ ஒரு குண்டை வீசினார்கள். ஏழு போலீஸ்காரர்களும் குறைந்தது நான்கு தொழிலாளர்களும் இறந்தார்கள்.

வீசியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் எட்டுப் பேரை நிறுத்தி வழக்கு நடத்தினார்கள். பெரும்பாலோர் ஜெர்மானியர். குண்டு வீசியதாக நிரூபிக்கவில்லை; அவர்கள் எழுதியதும் பேசியதுமே குற்றமானது. 1887 நவம்பர் 11இல் நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள். ஒருவர் அதற்கு முதல் நாள் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். 1889இல் பாரிஸில் கூடிய தொழிலாளர் மாநாடுதான் மே 1ஐ உலகத்துக்கே பொதுவான நாளாக்கியது.

மீதி மூன்று பேரை ஆளுநர் ஆல்ட்கெல்ட், விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று காரணம் எழுதி விடுதலை செய்தார். அவரும் ஜெர்மனியில் பிறந்தவர்தான். அந்தத் தேதியைப் பாருங்க: 1893 ஜூன் 26. அடுத்த மாதக் கடைசியில்தான் சுவாமிஜி சிகாகோவில் இறங்குகிறார்! ஊரே அந்த விடுதலையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த சமயம். ஒரு பக்கம் உலகக் கண்காட்சி, மின்விளக்கு, வெள்ளை மாளிகைகள். இன்னொரு பக்கம் வங்கிகள் மூடி, ஆயிரக்கணக்கில் வேலை போய்க்கொண்டிருந்தது. சர்வ சமய மாநாட்டுக்கு முன்னால், போக வேண்டிய முகவரியைத் தொலைத்துவிட்டு, சுவாமிஜி ஒரு ராத்திரி ரயில் சரக்கு நிலையத்தில் ஒரு பெட்டிக்குள் படுத்தார் என்று அவருடைய வரலாற்றில் படித்திருப்பீர்கள். வேலையில்லாத எத்தனையோ பேர் அந்த ஊரில் அப்படிப் படுத்தவர்கள்தான். செப்டம்பர் 11 பேச்சைப் பலர் மனப்பாடமாகச் சொல்வீங்க. செப்டம்பர் 20ஆம் தேதியும் அதே மேடையில் பேசினார். பசித்தவனுக்குத் தேவை சோறு, மதப் பிரசங்கம் இல்லை என்பதுதான் அதன் சாரம். அதை நம் பேச்சுப் போட்டிகளில் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

மறு வருஷமே இன்னொரு போராட்டம். சிகாகோவுக்குப் பக்கத்தில் ரயில் பெட்டி செய்யும் புல்மேன் கம்பெனி தொழிலாளிகளுக்கென்று ஓர் ஊரையே கட்டியிருந்தது. வேலையும் கம்பெனியுடையது, வீடும் கம்பெனியுடையது. தோட்டத்து லயத்தில் வளர்ந்தவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கம்பெனி கூலியைக் குறைத்தது; வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. வேலைநிறுத்தம் ரயில் பாதைகள் நெடுகப் பரவியது. அதிபர் இராணுவத்தை அனுப்பினார். ஆல்ட்கெல்ட் எதிர்த்தும் கேட்கவில்லை. சங்கத் தலைவர் டெப்ஸ் சிறைக்குப் போனார். வாரத்துக்கு நாற்பத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் கூடுதல் கூலி என்பது பல தொழில்களுக்கு அமெரிக்கச் சட்டமாக வர 1938 வரை ஆனது.

அடுத்த வகுப்புக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டில் தாத்தா, பாட்டி யாராவது தோட்டத்தில் வேலை செய்திருந்தால், காலையில் எத்தனை மணிக்குப் பெரட்டுக்குப் போனாங்க, எத்தனை மணிக்கு வீடு திரும்பினாங்க என்று கேட்டு எழுதிக்கொண்டு வாங்க. அந்தத் தம்பி மட்டும் தன்னுடைய ஷிப்ட் அட்டவணையைக் கொண்டு வரட்டும்.