கோட் சூட் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? எக்ஸெல்லில் கணக்குப் போடுவோம்

எக்ஸெல் என்றாலே அலுவலகத்தில் பயன்படுத்தும் சாஃப்ட்வேர் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் அது இருந்தாலும், மளிகைப் பட்டியல் டைப் செய்வதோடு நிறுத்திக் கொள்கிறார்கள். ஒரு பொருளை வாங்கலாமா, வாடகைக்கு எடுத்தால் போதுமா என்று முடிவு செய்ய அது எப்படி உதவும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். உதாரணமாக நான் எடுத்துக்கொண்டிருப்பது என் திருமண வரவேற்புக்கான கோட் சூட்.

எங்கள் பக்க வழக்கப்படி மாப்பிள்ளையின் கோட் சூட் பெண் வீட்டார் செலவு. என் வருங்கால மாமனார் சிறிய மளிகைக் கடை வைத்திருப்பவர். கடையில் எனக்குப் பிடித்த சூட்டின் விலை 14,000 ரூபாய். அதே தெருவில் வாடகைக்குக் கேட்டபோது 3,000 ரூபாய் என்றார்கள். முகூர்த்தத்துக்கு எப்படியும் பட்டு வேட்டிதான். கோட் சூட் மாலையில் நான்கு மணி நேரம் மட்டும். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஒர்க்‌ஷீட் தயாரித்தல்

எக்ஸெல்லில் புதிய ஒர்க்‌ஷீட் ஒன்றைத் திறந்து கொள்ளுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம். ஏ நெடுவரிசையில் விவரத்தையும் பி நெடுவரிசையில் தொகையையும் இப்படி டைப் செய்யுங்கள்.

பி2: சூட் விலை – 14000
பி3: பின்னாளில் ஆல்டரேஷன் கூலி – 500
பி4: பழையதாக விற்றால் கிடைப்பது – 1000
பி5: ஒரு முறை அணிந்தபின் டிரை கிளீனிங் – 450
பி6: ஒரு முறைக்கு வாடகை – 3000
பி7: எடுத்து வர, திருப்பித் தர ஆட்டோ செலவு – 200
பி8: எத்தனை முறை அணிவேன் – 10

இவை எனக்குக் கிடைத்த விலைகள். உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக் கொள்ளுங்கள். துணி எடுத்துத் தைப்பவர்கள் துணி விலையையும் தையல் கூலியையும் கூட்டி பி2 செல்லில் இட வேண்டும். இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட ஆயத்த ஆடைகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். எனவே கடைக்காரர் வாயால் சொல்லும் விலை வரியையும் சேர்த்தா என்று கேட்டு எழுதிக் கொள்ளுங்கள்.

சட்டை, டை, ஷூ ஆகியவற்றை நான் சேர்க்கவில்லை. வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும் எனக்கு அவை சொந்தமாக வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக வரும் செலவு முடிவை மாற்றாது. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. வாடகைக் கடையில் கட்டும் அட்வான்ஸும் அப்படித்தான். அது திரும்பி வரும் பணம் என்பதால் செலவில் சேராது.

ஃபார்முலா

இனி மூன்று ஃபார்முலாக்கள். இங்கே பி2, பி3 என்று தமிழில் அச்சிட்டிருப்பதை நீங்கள் டைப் செய்ய வேண்டாம். சமக் குறியைத் தட்டிவிட்டு அந்தந்த செல்லை மவுஸால் கிளிக் செய்தால் அதன் முகவரி தானாக வந்துவிடும்.

பி10 (வாங்கினால் மொத்தம்): =பி2+பி3-பி4+பி5*பி8
பி11 (வாடகைக்கு எடுத்தால் மொத்தம்): =(பி6+பி7)*பி8
பி12 (வித்தியாசம்): =பி10-பி11

பி11 செல்லில் அடைப்புக்குறி அவசியம். அதை விட்டுவிட்டால் எக்ஸெல் முதலில் பெருக்கலைச் செய்துவிட்டுப் பிறகுதான் கூட்டும். ஆட்டோ செலவு மட்டும் பத்தால் பெருக்கப்பட்டு விடை தவறாகிவிடும்.

எனக்குக் கிடைத்த விடை: வாங்கினால் 18,000, வாடகைக்கு எடுத்தால் 32,000. வாங்கினால் 14,000 ரூபாய் மிச்சம்! உண்மையைச் சொன்னால் எனக்கும் புது சூட் மேல்தான் ஆசை. சந்தோஷமாக பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் மாமாவிடம் காட்டினேன்.

ஒரு செல், ஒரு கேள்வி

அவர் மொத்தத் தொகையைப் பார்க்கவே இல்லை. பி8 மேல் விரலை வைத்தார். "மாப்பிள்ளை, இந்தப் பத்து எங்கிருந்து வந்தது?" என்றார். சும்மா ஒரு மதிப்பீடு என்றேன். "நாங்க ஸ்டாக் எடுக்கறதுக்கு முன்னாடி, போன வருஷம் எவ்வளவு வித்துதுன்னு நோட்டைப் பார்ப்போம். ஆசைக்கு எடுத்தா மூட்டை கடையிலயே கிடக்கும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மற்ற எண்களை எல்லாம் நான் கடையில் விசாரித்து எழுதினேன். இந்த ஒன்றை மட்டும் மனதில் தோன்றியபடி போட்டேன். கணக்கு முழுவதும் இந்த ஒரு செல்லை நம்பித்தான் நிற்கிறது.

என்னிடம் ஏற்கெனவே ஒரு சூட் உண்டு. கல்லூரி இறுதியாண்டில் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்காக அப்பா தைத்துக் கொடுத்தது. அதை எத்தனை முறை அணிந்தேன் என்று நோட்டில் எழுதி வைக்கவில்லை. ஆனால் சூட் போட்ட நாளில் யாராவது போட்டோ எடுக்காமல் இருப்பார்களா? என் கம்ப்யூட்டரில் இருந்த போட்டோக்களே எனக்கு நோட்டாயின.

விண்டோஸில் போட்டோ ஃபோல்டரைத் திறந்து, 'வியூ' மெனுவில் 'டீட்டெய்ல்ஸ்' தேர்வு செய்யுங்கள். மேலே உள்ள தலைப்புப் பட்டையில் ரைட் கிளிக் செய்து 'டேட் டேக்கன்' என்பதைச் சேர்த்து, அதன் மேல் கிளிக் செய்தால் படங்கள் எடுத்த தேதி வாரியாக வரிசைப்படும். 'டேட் கிரியேட்டட்' என்பதை நம்பாதீர்கள். பைலை வேறு இடத்துக்குக் காப்பி செய்தால் அது காப்பி செய்த நாளாக மாறிவிடும். 'டேட் டேக்கன்' கேமரா படத்துக்குள்ளேயே பதிந்து வைப்பது. வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் பெரும்பாலும் இந்தத் தகவல் இருக்காது. ஆண்ட்ராய்டு போனில் சேமித்தவை என்றால் பைலின் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள் எண்களாக இருக்கும்.

தேடி முடித்தேன். நேர்முகத் தேர்வு நாள், கல்லூரிப் பிரிவு உபசார விழா, அலுவலக ஆண்டு விழா. மொத்தம் மூன்றே முறை. அதன் பிறகு இடுப்புப் பட்டன் மூடவில்லை. ஏழு ஆண்டுகளாக அது பீரோவில் தொங்குகிறது.

பி8 செல்லில் 10 ஐ அழித்து 3 என்று இட்டேன். வாங்கினால் 14,850, வாடகைக்கு எடுத்தால் 9,600. விடை தலைகீழாகிவிட்டது. இப்போது வாடகைதான் 5,250 ரூபாய் மிச்சம்.

கோல் சீக்

எத்தனை முறை அணிந்தால் இரண்டும் சமமாகும்? ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்க வேண்டாம். 'டேட்டா' டேபில் 'வாட் இஃப் அனாலிசிஸ்' கிளிக் செய்து 'கோல் சீக்' தேர்வு செய்யுங்கள். கால்க்கில் 'டூல்ஸ்' மெனுவில் இருக்கிறது. எக்ஸெல்லில் வரும் கட்டத்தில், 'செட் செல்' என்ற இடத்தில் பி12, 'டு வேல்யூ' என்ற இடத்தில் 0, 'பை சேஞ்சிங் செல்' என்ற இடத்தில் பி8 என்று கொடுத்து 'ஓகே' அழுத்துங்கள். விடை ஏறத்தாழ 4.91. அதாவது நான்கு முறை வரை வாடகை லாபம். ஐந்தாவது முறையிலிருந்து வாங்கியது லாபம். 'கேன்சல்' அழுத்தினால் பழைய எண் திரும்ப வந்துவிடும்.

இதே கோல் சீக்கை இன்னொரு விதமாகவும் பயன்படுத்தலாம். பி8 செல்லில் 3 ஐ வைத்துக்கொண்டு, 'பை சேஞ்சிங் செல்' இடத்தில் பி6 கொடுங்கள். விடை 4,750. வாடகை இந்தத் தொகைக்குக் கீழே இருக்கும் வரை வாடகைதான் மலிவு என்று பொருள். கடையில் பேரம் பேசப் போகும்போது இந்த எண்ணைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கணக்கில் வராதவை

அடுத்தவர் போட்ட துணியைக் கல்யாணத்தில் போடுவதா என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த மனக்குறைக்கு எக்ஸெல்லில் செல் கிடையாது. ஆனால் அதைத் தவிர்க்க எவ்வளவு கூடுதலாகத் தர வேண்டும் என்று பி12 சொல்லிவிடுகிறது: 5,250 ரூபாய். கொடுக்கலாம் என்று தோன்றினால் தெரிந்தே கொடுக்கலாம். முகூர்த்தத்துக்குப் புது வேட்டி, வரவேற்புக்கு மட்டும் வாடகை என்றதும் அம்மா ஒப்புக்கொண்டார்.

வாடகைக்கு எடுப்பவர்கள் ஒரு வாரம் முன்பே போட்டுப் பார்த்துவிடுங்கள். தோள் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இடுப்பையும் கை நீளத்தையும் திருத்துவது எளிது, தோளைத் திருத்துவது கடினம். கறை பட்டால் எவ்வளவு பிடித்தம், ஒரு நாள் தாமதமானால் எவ்வளவு என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே உள்ள கறையையோ கிழிசலையோ கடையில் வைத்தே போட்டோ எடுத்துக் கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் வாடகைதான் சரி என்று நான் சொல்லவில்லை. வேலைக்காக மாதம் ஒரு முறையாவது கோட் போடுபவருக்கு ஐந்து மாதத்தில் விலை தேறிவிடும். அவர் வாங்குவதே நல்லது. ஒர்க்‌ஷீட் ஒன்றுதான். பி8 செல்லை நிரப்பும் முன் உங்கள் போட்டோ ஃபோல்டரை ஒரு முறை திறந்து பாருங்கள்.