விதையின்றி வளரும் வாழை

வாழைப்பழம் உண்ணும் குழந்தை, "இதன் விதை எங்கே?" என்று வினவினால், பழத்தின் நடுவே தோன்றும் சிறு கரும்புள்ளிகளைக் காட்டிவிடுகிறோம். அவை முளைக்கமாட்டா, வித்தாக நிறைவுறாது நின்றுபோன சூல்களின் எச்சமே அவை. அங்ஙனமாயின் வாழை தலைமுறைதோறும் தழைத்து வருவது எவ்வாறு? இதனை உணர, செல் பிரியும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

செல்லின் உட்கருவில் குரோமோசோம் என்னும் இழைகள் உள்ளன. மரபுப் பண்புகள் அவற்றிலேயே பொதிந்துள்ளன. செல் பிரியுமுன் ஒவ்வோர் இழையும் தன்னைப் போன்ற மற்றொன்றை ஆக்கிக்கொள்கிறது. பின்னர் அவ்விணைகள் நடுவே வரிசையுற்று, பிரிந்து, இரு முனைகளுக்கும் ஈர்க்கப்படுகின்றன. இடையே சுவர் எழ, ஒன்று இரண்டாகிறது. இதனை மைட்டாசிஸ் என்பர். ஜெர்மானிய அறிஞர் வால்தர் பிளெமிங் 1882இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக விளக்கினார். வெங்காய வேர்நுனியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் நோக்கினால், அதன் 16 இழைகள் பிரிந்து செல்லும் நிலைகளைக் காணலாம். (நம் சமையலறையில் புகாத வெங்காயம், பிள்ளைகளின் ஆய்வுக்கூடத்தில் இடம் பெற்றுவிடுகிறது!)

இப்பிரிவில் தாய் செல்லின் மரபே சேய் செல்லுக்கும் அமைகிறது. நம் உடல் வளர்வதும் புண் ஆறுவதும் இதனால்தான். சில உயிர்களுக்கோ இதுவே இனப்பெருக்கமும் ஆகும். அமீபா இரண்டாகப் பிளக்கிறது. ஹைடிரா மொட்டு விடுகிறது. ரணகள்ளியின் இலை விளிம்பில் கன்றுகள் தோன்றுகின்றன. ஆண் பெண் கலப்பின்றி நிகழும் இதுவே பாலிலா இனப்பெருக்கம்.

பத்தாம் நூற்றாண்டினரான நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி இயற்றிய கோம்மடசாரத்தின் ஜீவகாண்டம், தாவரங்களைத் தோன்றும் வகையால் பகுக்கிறது. வேரில் தோன்றுவன மூலபீஜம். நுனியில் தோன்றுவன அக்ரபீஜம். கரும்பு போல் கணுவில் தோன்றுவன பர்வபீஜம். கிழங்கில் தோன்றுவன கந்தபீஜம். தண்டில் தோன்றுவன ஸ்கந்தபீஜம். இவ்வைந்தின் பின்னரே விதையில் முளைக்கும் பீஜருஹமும், இவை ஒன்றுமின்றித் தோன்றும் சம்மூர்ச்சிமமும் கூறப்படுகின்றன. ஆசாரியர் செல்லையே கண்டிருந்தார் என்று மேடைகளில் முழங்குவது எமக்கு உடன்பாடன்று. வயலையும் தோட்டத்தையும் கூர்ந்து நோக்கி வகுத்த முறை இது, அப்பெருமையே போதும்.

வாழையைக் கந்தபீஜத்தில் சேர்க்கலாம் என்பது எம் எண்ணம். நாம் மரம் என்பது இலையுறைகள் ஒன்றையொன்று தழுவி நிற்கும் பொய்த்தண்டே. மெய்த்தண்டு மண்ணுக்குள் கிழங்காக உள்ளது. பக்கக்கன்றுகள் அதிலிருந்தே எழுகின்றன. விதை உண்டாக வேண்டுமாயின் குரோமோசோம்கள் இவ்விரண்டாக இணைந்து, பாதியாகக் குறையும் வேறொரு பிரிவு நிகழவேண்டும். வாழையில் ஒரு தொகுதிக்கு 11 குரோமோசோம்கள். பூவன், ரஸ்தாளி, நேந்திரன், மொந்தன் ஆகியவற்றில் மூன்று தொகுதிகள், ஆக 33 உள்ளன. மூவரை இருவர் இருவராக நிறுத்த ஒண்ணாது அன்றோ? ஆகவே விதை இல்லை.

ஆயிரம் கன்று நட்ட தோட்டத்திலும் மரபு நோக்கில் நிற்பது ஒரே வாழைதான். ஒன்றை வீழ்த்தும் நோய்க்கு மற்றவையும் எளிதில் இரையாகும். நடு அமெரிக்காவில் ஏற்றுமதிக்காகப் பெருமளவில் பயிரிட்ட குரோ மிஷேல் என்னும் வகையை, மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையால் வரும் பனாமா வாடல் நோய் அழித்தது. 1960களுக்குள் அங்கே காவென்டிஷ் வகை அதன் இடத்தைப் பெற்றது. நம் ரோபஸ்டாவும் கிராண்ட் நைனும் இவ்வினத்தவையே. காவென்டிஷையும் தாக்கவல்ல அப்பூஞ்சையின் மற்றொரு பிரிவு, ஆசிய நாடுகளில் பரவி, 2019இல் கொலம்பியாவிலும் கண்டறியப்பட்டது.

நம் ரஸ்தாளியும் வாடல் நோய்க்கு எளிதில் ஆட்படுவது. வாடல் கண்ட தூரிலிருந்து கன்று பெயர்த்து உறவினர்க்கு அளித்தல் ஆகாது. கன்று பசுமையாகத் தோன்றினும் கிழங்கினுள் பூஞ்சை இருக்கக்கூடும். திசு வளர்ப்புக் கன்று நோயின்றி வரும். ஆயினும் அதுவும் தாயின் படியே ஆதலின், பூஞ்சை உள்ள மண்ணில் நட்டால் வாடும்.

திருச்சிராப்பள்ளியில் 1993இல் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் பற்பல வாழை வகைகளைப் பேணி வருகிறது. கடினமான கருவிதைகள் நிறைந்து உண்பதற்கு உதவாத காட்டு வாழைகளும் உலகில் உண்டு. நோய் தாங்கும் பண்பைக் கலப்பின் வழியே பெற, அறிஞர்கள் நாடுவது அவ்விதைகளைத்தான்.