சுண்டெலியின் அரிப்பு நமக்கு உதவுமா?

கேள்வி: எலித்தோல் வேறு, மனிதத்தோல் வேறு. எக்சிமாவுக்கு எலியில் செய்யும் ஆய்வை எப்படி நம்புவது?

பதில்: முழு நோயையும் எலியிடம் தேடினால் ஏமாற்றம்தான், ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் பதில் கிடைக்கும். ஜப்பானின் என்சி/என்கா சுண்டெலிகள் நோய்க்கிருமி அண்டாத கூண்டில் நலமாக இருக்கின்றன. சாதாரணக் கூண்டில் தோல் அழன்று சொறிகின்றன. பரம்பரையோடு சூழலும் சேர்ந்தே நோயைத் தூண்டுகிறது என்பதற்கு இது சான்று. ஐஎல்-31 என்ற புரதம் மிகுதியாகச் சுரக்கும்படி மாற்றிய எலிகள் ஓயாமல் சொறிவதை 2004-இல் அறிவித்தார்கள். அந்தப் புரதத்தின் ஏற்பியைத் தடுக்கும் நெமோலிசுமாப் மருந்துக்கு ஜப்பான் 2022-இல் அனுமதி தந்தது. எலித்தோல் மெல்லியது, ரோமம் அடர்ந்தது. அதன் நோய் சில வாரங்களில் உருவாக்கப்படுவது, நம்முடையது ஆண்டுக்கணக்கில் நீள்வது என்ற ஆட்சேபம் சரியே. ஆகவேதான் எலி சொல்வதைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், மனிதர்களிடம் சோதிக்க வேண்டிய ஊகமாகக் கொள்கிறார்கள்.